மக்கள்தொகை இருக்கிறது, பேருந்து இல்லை: எல்லைக் கிராமம் எந்தக் கணக்கைக் காட்டிக் கேட்பது?

கேள்வி
எழுதியவர்: பனங்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று வடக்கே, தமிழ்க் குடும்பங்களே மிகுதியாக வாழும் பகுதியைச் சேர்ந்தவன் நான். எங்கள் பக்கத்து மூன்று குக்கிராமங்களுக்குப் பேருந்து கேட்டுக் கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதும் வேலையை ஊரார் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மனுவின் முதல் பத்தியிலேயே மக்கள்தொகையைச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணி 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைப் பார்த்தேன், குழப்பமே மிஞ்சியது. எங்கள் கிராமத்துக்கு நேராகப் பொதுப் பேருந்து வசதி ‘உண்டு’ என்று அதில் பதிவாகியிருக்கிறது. பேருந்து வருவது உண்மைதான். ஆனால் அது கொழிஞ்சாம்பாறைச் சாலையோடு போய்விடுகிறது. எங்கள் குக்கிராமங்களிலிருந்து அந்த நிறுத்தத்தை அடைய வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மேலும், மருத்துவம், சந்தை, கல்லூரி என்று எங்கள் மக்கள் போவதெல்லாம் பெரும்பாலும் பொள்ளாச்சிக்கே. பாலக்காட்டுக்குப் போவது அரசுக் காரியங்களுக்கு மட்டும்.

இந்த ‘உண்டு’ என்ற பதிவை மனுவில் எப்படி எதிர்கொள்வது? இத்தனை பேர் இருந்தால் பேருந்து விட வேண்டும் என்று ஏதேனும் அளவுகோல் உள்ளதா? போக வேண்டிய ஊர் தமிழ்நாட்டில் இருக்கும்போது எந்த அரசைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி
எழுதியவர்: கணக்கப்பிள்ளை

பனங்காட்டான் அவர்களுக்கு வணக்கம். ‘உண்டு’ என்ற அந்தப் பதிவு பொய்யன்று; அது சொல்லும் செய்திதான் மிகச் சிறியது. மாவட்டக் கையேட்டின் கிராம விவரப் பகுதி ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரே ஒரு வரியைத்தான் ஒதுக்குகிறது. அந்தக் கிராமத்தின் எல்லைக்குள் ஏதேனும் ஓரிடத்தில் பேருந்து நின்றாலே ‘உண்டு’ என்று எழுதப்பட்டுவிடும். இல்லாதபோதுதான், அவ்வசதி கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம் 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, 5 முதல் 10 வரையா, 10-க்கும் மேலா என்று மூன்று குறிகளில் ஒன்று இடப்படும். ஒரு நாளில் பேருந்து எத்தனை நடை வருகிறது, கடைசிப் பேருந்து எப்போது, நிறுத்தம் எந்தக் குக்கிராமத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் அந்த வரியில் இடமில்லை.

இந்தக் குறை தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் மிகுதியாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2011-இல் தமிழ்நாட்டின் ஊரக மக்கள் ஏறத்தாழ 3.72 கோடிப் பேர் 15,979 கிராமங்களுக்குள் அடங்கினார்கள். கேரளத்தின் ஊரக மக்கள் ஏறத்தாழ 1.75 கோடிப் பேர் வெறும் 1,018 கிராமங்களுக்குள் அடங்கிவிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: அங்கே ஒரு வரிக்குச் சராசரியாக 2,300 பேர், இங்கே 17,000 பேர். கோபாலபுரத்தில் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரியில் எழுதப்படும் பரப்பு, அந்தப் பக்கம் ஏழெட்டு வரிகளாகப் பிரியக்கூடும். ஆகவே உங்கள் வருவாய்க் கிராமத்தின் மொத்த மக்கள்தொகையை மனுவின் தலையில் வைத்தால், ‘இவ்வளவு பேருக்கும் பேருந்து இருக்கிறதே’ என்ற பதிலை நீங்களே வரவழைத்ததாகும்.

குக்கிராமவாரியான எண்ணிக்கைக்கு வேறு ஏடுகளை நாட வேண்டும். என் தேர்வு அங்கன்வாடியின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு. ஊரகத்தில் 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பது பொது விதி என்பதால் அதன் எல்லை ஏறத்தாழ உங்கள் குக்கிராமத்தோடு ஒத்துப்போகும். வீட்டுக்கு வீடு வயது விவரமும் அதில் இருக்கும். பேருந்து கேட்பவருக்கு வயதுதான் முக்கியம். வாக்காளர் பட்டியலும் பகுதிவாரியாகக் கிடைக்கும், ஆனால் அதில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர், அதாவது பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும், விடுபட்டிருப்பார்கள். 2011 கணக்கு அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் நிலவரத்தைக் காட்டுவது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடையே பிறந்து பள்ளிக்குப் போகும் ஒரு தலைமுறையே பழைய கணக்கில் இல்லை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் மக்கள்தொகை வரம்பு உண்டு. 2000-இல் தொடங்கிய அத்திட்டம் சமவெளியில் 500 பேருக்கும், மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி போன்றவற்றில் 250 பேருக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை எல்லாப் பருவத்துக்குமான சாலையால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது. 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கூட்டிக் காட்டவும் அதில் இடமுண்டு. ஆனால் அது சாலைக்கான வரம்பேயன்றிப் பேருந்துக்கானதன்று. உலக அளவில் பயன்படும் ஊரக அணுகல் குறியீடும், எல்லாப் பருவத்துக்குமான சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களை அணுகல் உள்ளவர்கள் என்றே எண்ணுகிறது. அந்தச் சாலையில் வண்டி ஓடுகிறதா என்பது அதன் கவலையில்லை.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் தொலைவையும் போகும் வழியையும் 2011 கணக்கெடுப்பு கேட்டது, அட்டவணையாகவும் வந்திருக்கிறது. ஆனால் அது ‘பிற தொழிலாளர்’ என்ற பிரிவினருக்கு மட்டும் உரியது. உழவர்களும் விவசாயக் கூலிகளும் வீட்டுத் தொழில் செய்வோரும் அதில் இல்லை. வயல் கூலி வேலைக்கு நாள்தோறும் எல்லை தாண்டுகிற பெண்ணின் பயணம் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை என்று பொருள்.

மறுமொழி
எழுதியவர்: நடைக்கணக்கு

மேலே கணக்கப்பிள்ளை ஐயா எழுதியதோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் பேருந்து மக்கள்தொகையைப் பார்த்து வருவதில்லை, பர்மிட்டைப் பார்த்தே வருகிறது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வழித்தடப் பேருந்துக்கான பர்மிட்டை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். பாலக்காட்டில் அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். கிராம சபையின் தீர்மானம் அந்த ஆணையத்தின் மேசைக்குப் போய்ச் சேராவிட்டால் அது ஊராட்சியின் குறிப்பேட்டோடு நின்றுவிடும்.

புதிய வழித்தடம் கேட்பதைவிட, ஏற்கெனவே ஓடும் பேருந்தின் ஒன்றிரண்டு நடைகளை உங்கள் குக்கிராமம் வரை நீட்டிக்கக் கேட்பது எளிது. சட்டத்தின் 80-ஆம் பிரிவு, முனையிலிருந்து 24 கிலோமீட்டருக்கு மிகாத நீட்டிப்பை அனுமதிக்கிறது. அது பொதுமக்களுக்கு வசதியானது என்றும், அதற்கெனத் தனி பர்மிட் தருவது உசிதமன்று என்றும் ஆணையம் நிறைவடைய வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது நாலைந்து கிலோமீட்டர். ஆயினும் விண்ணப்பம் பேருந்து உரிமையாளரிடமிருந்து வர வேண்டும் என்பதால் அவரைச் சம்மதிக்க வைக்கும் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். காலை ஏழரை முதல் ஒன்பது வரை எத்தனை பேர் ஏறுவார்கள், மாலையில் எத்தனை பேர் திரும்புவார்கள், நடுவில் வண்டி காலியாகத் திரும்ப வேண்டியிருக்குமா என்பதையே அவர் கேட்பார். பேருந்து திரும்புவதற்கு இடம் உண்டா என்பதையும் கேட்பார். பல மனுக்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான். வாய்க்கால் பாலம் எடை தாங்குமா என்று பொறியாளரிடம் எழுதி வாங்கி மனுவோடு இணையுங்கள்.

உரிமையாளர்கள் மறுத்தால் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ‘கிராமவண்டி’ இருக்கிறது. 2022-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் எரிபொருள் செலவை உள்ளாட்சி ஏற்கிறது. வண்டி, பணியாளர், பராமரிப்பு ஆகியவற்றைக் கழகம் பார்த்துக்கொள்கிறது. எந்த நேரத்தில் எந்த வழியில் ஓட வேண்டும் என்பதில் ஊராட்சியின் குரலுக்கு இடமுண்டு. ஊராட்சி ஆண்டுதோறும் டீசலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே இதன் சிக்கல். ஒரு ஆண்டு உற்சாகமாக ஒதுக்கிவிட்டு அடுத்த ஆண்டு கைவிரித்தால், பேருந்தை நம்பித் தூரத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த குடும்பம் நடுவழியில் நிற்கும்.

இனி எல்லை. ஒரு மாநிலத்தில் பெற்ற பர்மிட் மற்ற மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்குள்ள ஆணையம் மேலொப்பம் இட வேண்டும் என்கிறது 88-ஆம் பிரிவு. எந்த வழித்தடத்தில் எத்தனை நடை என்பதை இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்து அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மூன்று குக்கிராமங்களுக்காக அந்தத் தேர் நகரும் என்று நான் நம்பவில்லை. அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழித்தடத்தின் இரு முனைகளும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையில் அயல் மாநிலத்துக்குள் செல்லும் நீளம் 16 கிலோமீட்டருக்கு மிகாவிட்டால் மேலொப்பம் தேவையில்லை. எல்லை வளைந்து வளைந்து செல்லும் உங்கள் பகுதியில், நல்ல சாலை தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து ஊர் கேரளப் பக்கம் இருந்தால் இந்த விலக்கு கைகொடுக்கும். பொள்ளாச்சிக்கு நேர்ப் பேருந்தை இது பெற்றுத் தராது.

பொள்ளாச்சிக்கு என் யோசனை வேறு. தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம் 2025-இல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் குக்கிராமத்துக்கு நேர் எதிரே எல்லைக்கு அப்பால் இருக்கும் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களும் பேருந்தில்லாமல் தவிக்கிறார்களா என்று பாருங்கள். தவித்தால், அவர்கள் தங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் சிற்றுந்து கேட்கட்டும். எல்லைக்கல் வரை அது வந்துவிட்டால் உங்களுக்கு மிச்சமிருப்பது சிறு நடைதான்.

மறுமொழி
எழுதியவர்: ஆரணியாற்றங்கரை

முதலில் ஒரு தெளிவு: உங்கள் சித்தூர் வேறு, எங்கள் சித்தூர் வேறு. நான் ஆந்திரத்தின் சத்தியவேடு பக்கத்தைச் சேர்ந்தவள். 2022 ஏப்ரல் 4 வரை எங்கள் மாவட்டம் சித்தூர், அதன்பின் திருப்பதி. பெயர்தான் மாறியது, எங்கள் மக்கள் சாமான் வாங்கவும் சென்னைக்குப் பேருந்து பிடிக்கவும் போகும் ஊர் அன்றும் இன்றும் தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைதான்.

இதற்கு வரலாறு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. சத்தியவேடு அவ்வாறு சென்ற பகுதி. ஊர்கள் கைமாறினவே ஒழிய, சந்தையும் சொந்தமும் இருந்த திசை மாறவில்லை. எனவே எங்கள் மண்டலத்தின் மக்கள்தொகையைக் கொண்டு திருப்பதிப் பக்கம் எத்தனை பேருந்து வேண்டும் என்று கணக்கிட்டால், அந்தக் கணக்கு எப்போதும் தவறிப் போகும். பாலக்காட்டை நோக்கி எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று உங்கள் அலுவலகம் எண்ணினாலும் இதே கதைதான் நடக்கும். ஆள் குறைவு என்று முடிவாகும். ஆட்களோ எதிர்த்திசையில் நடந்துகொண்டிருப்பார்கள்.

நடைக்கணக்கு ஐயா எழுதாத ஒன்று கட்டணம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் ‘ஸ்திரீ சக்தி’ என்ற பெயரில் பல்லெ வெலுகு (ஊரகச் சாதாரணப் பேருந்து) முதலிய பேருந்துகளில் கட்டணமில்லை, ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துக்கு அது செல்லாது. விளைவு என்ன? எல்லைக்கு முன்னால் இறங்கிக்கொண்டு, அப்பால் சென்று வேறு வண்டி பிடிப்பது லாபம் என்று பெண்கள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். நேர்ப் பேருந்தில் கூட்டம் குறைந்தால், அதைக் காட்டியே நடையைக் குறைப்பார்கள். உங்கள் மனுவில் நேர்ப் பேருந்து ஒன்றையே கேட்காமல், எல்லையின் இரு புறமும் வரும் வண்டிகளின் நேரம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று கேளுங்கள். அந்த இடைவெளி ஒரு மணி நேரமாக இருந்தால் இரண்டு பேருந்து இருந்தும் பயனில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு. 2019 அக்டோபர் 2 முதல் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் கிராமச் செயலகங்கள் ஏற்பட்டன. வீட்டுவாரியான விவரம் அங்கே இருப்பதால் குக்கிராமக் கணக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. அலையாமல் வாங்கிய அந்தக் கணக்குக்குப் பேருந்து கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

மறுமொழி
எழுதியவர்: பனங்காட்டான்

மூவருக்கும் நன்றி. இருபுற நேரப் பொருத்தம் என்ற யோசனை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, மனுவில் சேர்த்துவிடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. காலையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, இப்போது சாலை நிறுத்தத்துக்கு நடந்துவருபவர்களை நின்று எண்ணினால் போதுமா?

மறுமொழி
எழுதியவர்: முதலமடைவாசி

போதாது. அப்படி எண்ணுவது உங்கள் வழக்கை நீங்களே பலவீனப்படுத்துவதாகும். நடக்கக்கூடியவர்கள் மட்டுமே அந்த நிறுத்தத்தில் நிற்பார்கள். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டிய முதியவர் பக்கத்து வீட்டுப் பையனின் பைக்குக்காகக் காத்திருப்பார்; பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் வீட்டில் இருப்பாள்; மாதத் தவணையில் ஸ்கூட்டர் வாங்கிய குடும்பம் பேருந்தை மறந்தே போயிருக்கும். வசதியில்லாமையால் குறைந்துபோன எண்ணிக்கையைக் காட்டி வசதியை மறுப்பது எளிது, மறுப்பவருக்கு அதில் குற்ற உணர்வும் இராது. நடைக்கணக்கு அவர்கள் பேருந்து உரிமையாளரின் கண்ணால் பார்க்கிறார். உரிமையாளரிடம் பேசும்போது அது சரி, ஊராட்சியிடம் பேசும்போது சரியன்று. ஆகவே கணக்கப்பிள்ளை அவர்கள் சொன்ன அங்கன்வாடிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கடந்த ஒரு மாதத்தில் போக நினைத்துப் போகாமல் விட்ட பயணம் எது என்று கேளுங்கள்.

எண்ணும் மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எங்கள் முதலமடைப் பக்கம் மாங்காய் நாட்டின் மற்ற பகுதிகளைவிட முந்திச் சந்தைக்கு வருவது. பறிப்புக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் கூலியாட்களால் ஊரின் உருவமே மாறிவிடும். அப்போது எண்ணினால் ஒரு தொகை, ஆடி மாதத்தில் எண்ணினால் வேறு தொகை. இரண்டையும் எழுதி, எது எந்த மாதத்துக்கு உரியது என்று குறிப்பிடுவதே நேர்மை.

ரயிலைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாலக்காடு – பொள்ளாச்சிப் பாதை மீட்டர்கேஜாக இருந்தபோது கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் மக்களுக்குப் பொள்ளாச்சி செல்ல ரயில்தான் பழக்கம். 2008-இல் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட அந்தப் பாதை 2015-இல் திறக்கப்பட்டது. பழைய பாசஞ்சர் வண்டிகளில் பல திரும்பி வரவேயில்லை. கையேட்டைப் பார்த்தால் ரயில் நிலையம் ‘உண்டு’ என்றுதான் இருக்கும். உங்கள் பேருந்து ‘உண்டு’ எங்கள் ரயில் ‘உண்டு’க்கு உறவுமுறைதான்.

மறுமொழி
எழுதியவர்: நடைக்கணக்கு

முதலமடைவாசி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். ஊராட்சிக்கு ஒன்றும் உரிமையாளருக்கு ஒன்றுமாக இரண்டு தாள்கள் தயாரியுங்கள். இன்னும் இரு நடைமுறைச் செய்திகள்.

உங்கள் சாலையில் தற்போது எத்தனை நடைக்கு அனுமதி இருக்கிறது, அவற்றில் எத்தனை உண்மையில் ஓடுகின்றன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுமதி பெற்றுவிட்டு ஓட்டாமல் விட்ட நடை ஒன்று அதில் அகப்பட்டால், புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. அதை ஓட்டச் சொன்னாலே போதும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசு அலுவலகங்களுக்கு எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் வேலை விரைவாக நடக்க, மலையாளப் படியொன்றையும் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது, நீட்டிப்பு கிடைத்ததும் நேரம் குறிக்கும் கூட்டம் நடக்கும். அங்கே மற்றப் பேருந்துக்காரர்கள் தங்கள் வசூல் பாதிக்கும் என்று ஆட்சேபித்து, உங்கள் நடையைப் பத்து மணிக்குத் தள்ளப் பார்ப்பார்கள். பள்ளி தொடங்கும் நேரத்தைத் தலைமையாசிரியரிடம் கையொப்பத்தோடு வாங்கி, ஊராட்சி உறுப்பினர் ஒருவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.